ஹீட்டர் இல்லாத வீடு

ஹாலில் மாட்டியிருந்த வெப்பமானி பத்தொன்பது காட்டியது. இருபது காட்டியிருக்க வேண்டும். பொறியாளர் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கட்டிய அந்த வீட்டில் ஹீட்டரே கிடையாது. ஒரு முழக் கனத்துக்குச் சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது; எல்லாம் அவர் மூளை. வெள்ளிக்கிழமை சோதனை அதிகாரி வந்து சான்றிதழ் கொடுத்தால், இதே மாதிரி நூறு வீடு கட்டும் வேலை அவருக்கு. இல்லாவிட்டால் பதினைந்து வருட உழைப்பும் போச்சு.

"மாமா, ஜன்னலத் திறந்தீங்களா?"

"ஒரே ஒரு விரற்கடை மாப்பிள்ளை. எனக்குக் காத்து வேணும்," என்றார் மாமனார்.

குற்றவாளி சிக்கிய திருப்தியில் பொறியாளர் ஜன்னலைச் சுற்றி டேப் ஒட்டினார். மாமனார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பதினெட்டு.

ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை எங்கே அசைகிறது என்று சுவர் சுவராகக் கசிவு தேடினார். கடைசியில் சந்தேகம் வாசல் கதவின் மேல் விழுந்தது. கூடத் தங்கியிருந்த மைத்துனனைக் கூப்பிட்டார்.

"இனிமே ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் கதவத் திறக்கணும்."

"எனக்கு ஒரு தடவை போதும்," என்று வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். பன்னிரண்டு தோழிகள் வருவதாக இருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் கதவு எத்தனை தடவை திறக்கும்? வீடு வீடாகப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

"பிள்ளை அழுவுது. காதுல விழுதா?" என்றாள் மனைவி.

"பதினேழு ஆயிடுச்சு," என்றார் பொறியாளர், வெப்பமானியைப் பார்த்தபடி.

"உங்களுக்கு வீடுதான வேணும். வெச்சுக்கங்க."

மகளுக்குக் கோட்டை மாட்டி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது கதவைச் சரியாகச் சாத்தினாளா என்று அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பதினாலு. இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு நின்றார். அதிகாரி வாசலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, காற்றை உறிஞ்சவிட்டு, மூலை மூலையாகச் சோதித்தார்.

"ஒரு பொட்டு காத்துகூட கசியல சார். இவ்வளவு இறுக்கமான வீட்ட நான் பாத்ததே இல்ல."

"அப்புறம் ஏன் இப்படிக் குளிருது?"

அதிகாரி கோட்டைக் கழற்றாமலே பொறியாளரின் கணக்குத் தாள்களைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து காலியான ஹாலைப் பார்த்தார்.

"ஆளுக்கு எண்பது வாட் உடம்புச் சூடுன்னு, அஞ்சு பேருக்குக் கணக்குப் போட்டது நீங்கதான சார்? மத்த நாலு ஹீட்டரும் எங்க?"