ஒட்டுப்போட மறுக்கப்படும் வயிறு

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

மருத்துவமனைக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி தங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை. அதைத் தங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் குடலில் ஓட்டை விழுந்து என் வயிற்றைத் திறந்து தைத்தார்கள் அல்லவா? அந்தத் தையல் உள்ளே விட்டுப்போய், தழும்புக்கு அடியில் குடல் கவிழ்த்த கிண்ணம் போலப் புடைத்து நிற்கிறது. இருமினால் அது முன்னால் வருகிறது, நான் பின்னால் போகிறேன். முப்பது வருடத் தையல்காரனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கடையில் மிஞ்சிய சோபாத் துணியில் லைனிங் வைத்து, இரட்டைத் தையல் போட்டு, நானே ஒரு பெல்ட் தைத்துக் கட்டிக்கொண்டேன். துணி உடம்போடு படிகிற வரைக்கும் கழற்றக் கூடாது என்று குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. கொஞ்ச நாளில் தழும்பு வாயைத் திறந்து சீழ் வர ஆரம்பித்துவிட்டது. பெல்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அத்தான்.

இங்கே வந்தால் பெரிய டாக்டர், "புண்ணு அசுத்தமா இருக்கு. இப்ப ஓட்டையை அடைக்க உள்ள வலைத்துணி வச்சா அதுலயும் சீழ் புடிச்சுக்கும். சுத்தம் பண்ணிட்டு, சதையைச் சதையோட சேர்த்துத் தைப்போம். வலையைப் பிறகு பாத்துக்கலாம்" என்கிறார். "கிழிசலுக்கு ஒட்டுப்போடாம இழுத்துத் தைச்சா மறுபடியும் விட்டுடுமே டாக்டர்?" என்றேன். "விடலாம்" என்றார். விடலாமாம்! நான் இப்படிச் சொன்னால் வாடிக்கையாளர் சட்டையை என் மூஞ்சியிலேயே எறிவார். மத்தியானம் வந்த டாக்டரம்மா, பன்றித் தோலில் செய்த வலை இருக்கிறது, அதை வைக்கலாம் என்றார்கள். என் வயித்துக்குள்ள பன்றித் தோல் லைனிங்! சரி, அதையே வைங்கன்னா, "நாளாக ஆக அதுவும் தளர்ந்துடலாம்"ங்கிறாங்க. மூணாவதா ஒருத்தர் வந்து, சுத்தம் பண்ணிட்டுச் சாதாரண வலையையே தசைக்குப் பின்னால வைக்கிறவங்களும் உண்டுன்னு சொல்லிட்டு, சிகரெட்டை விடச் சொல்லிட்டுப் போயிட்டார். ஒரு சட்டைக்கு மூணு தையல்காரன் சேர்ந்த கதையா இருக்கு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை.

வீட்டுக்காரியோ, "குடல் அந்த ஓட்டையில சிக்கிட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்றாரு. ஊருக்கெல்லாம் அளவெடுத்தது போதும், உங்க வயித்தை அவங்ககிட்ட விடுங்க"ன்னு அழுவுறா.

ஆகவே ஆபரேஷன் வேண்டாம், பெல்ட்டே போதும் என்று முடிவு செய்து, டாக்டர்கள் புண்ணைப் பார்த்துவிட்டுப் போனதும் அதை மறுபடி கட்டிக்கொண்டும்விட்டேன். அவளுக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தங்கள் தொப்புள் பக்கம் தலைகாட்டும் புடைப்புக்கும் அதே துணியில் ஒன்று தைத்து முன்னமே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்டினால் கழற்றவே கழற்றாதீர்கள்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் வீட்டில் எல்லோருடைய வயிறும் ஆண்டவன் தைத்தது தைத்தபடியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மடிக்கப் போனேன், நர்ஸம்மா வந்து சொல்லாம கொள்ளாம பெல்ட்டைக் கத்தரியால வெட்டி எடுத்துட்டாங்க. என் இரட்டைத் தையலுக்கு ஒரே வெட்டு. உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. லைனிங் பூரா சீழ், அத்தான். நாத்தம் குடலைப் புடுங்குது. பெரிய டாக்டர் பாத்துட்டு, "புண்ணு இங்கதான் உண்டாகியிருக்கு"ன்னார். அழுக்குத் துணியில நான் என்னைக்காவது ஒட்டுப்போட்டிருக்கேனா? துவைச்சுக் கொண்டாங்கன்னுதானே திருப்பி அனுப்புவேன்! ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். வலையா, பன்றித் தோலா, வெறும் தையலான்னு இப்பவும் விளங்கலை. திறந்து பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்களாம். பயமா இருக்கு, அத்தான். கிளம்பி வாங்க. வரும்போது அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கிட்டு வந்துடாதீங்க. இப்ப இடுப்புல இருந்தா, தைச்சவனே சொல்றேன், அக்காகிட்ட கத்தரியைக் குடுங்க.