வாயைத் திறந்தாலே பேசும் ரேடியோ

"ஏனுங்க, நாம பேசறப்பவெல்லாம் இந்தச் செவப்பு லைட்டு எரியுதே, எதுக்குங்க?" என்று கேட்டாள் ஹாரிகா.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவர் கண்ணையா, முன்னால் வைத்திருந்த வாக்கி டாக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

காங்கேயத்துக்குத் தெற்கே, நஞ்சப்பனின் மேட்டுக்காட்டைப் பார்க்க இரண்டு ஜீப்புகள் குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தன. முன் வண்டியில் நாகூர் மீரானும் அவர் மனைவி உம்மல் குல்சுமும். வழி காட்ட நஞ்சப்பனும் அதில்தான் ஏறியிருந்தார். செல்போன் சிக்னல் எட்டாத காடு. வாக்கி டாக்கி வாங்கும் பொறுப்பை, கோயமுத்தூரில் பம்புசெட்டுப் பட்டறை வைத்திருக்கும் கண்ணையா தானாகவே தலையில் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பட்டனை அழுத்திப் பேசுகிற ரகத்தைத்தான் காட்டினார். "குலுங்கற வண்டியில பட்டன அமுத்திட்டே இருக்க முடியுங்களா?" என்று கேட்டு, வாயைத் திறந்தாலே பேச்சைத் தானாக அனுப்பும் ரகத்தைப் பிடிவாதமாக வாங்கியவர் இவர்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தால் பேச்சு அந்தப் பக்கம் போகிறது என்று பொருள். கடைக்காரர் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அரை மணி நேரமாகப் பேசியது என்ன? மீரானுக்குக் கிளட்சும் தெரியாது, கியரும் தெரியாது; அவர் ஓட்டுவதைவிட வண்டி தானாக உருண்டால் ஒழுங்காகப் போகும். காலையில் குல்சும் கொடுத்த இடியாப்பத்தைத் திரித்தால் ஜீப்பையே கட்டி இழுக்கலாம்.

"சத்தமாப் புகழ்ந்து விடுங்க," என்று ஹாரிகா சைகை காட்டினாள்.

கண்ணையா செருமிக்கொண்டார். "மீரான் பாய் மாதிரி ஓட்டறதுக்கு இந்த ஜில்லாவுலயே ஆளில்ல. அந்த இடியாப்பம் இருக்குதே, பஞ்சு..." அவர் காதே அவருக்குக் கூசியது. ரேடியோவில் ஒரு முனகல்கூட இல்லை.

வேப்பமரத்தடியில் வண்டிகள் நின்றன. மீரான் இவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்து டயரைத் தட்டினார். குல்சும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணையாவுக்கு உடம்பே குன்றிப்போனது.

"பாய், அந்த ரேடியோ விசயமுங்க..."

மீரான் முகம் கன்றியது. "விடுங்ணா. அதப் பேச வேண்டாமுங்ணா. எங்களுக்கே சங்கடமா இருக்குது."

இத்தனைக்குப் பிறகும் சங்கடப்படுகிறாரே மனுசன். மேலோட்டமாக மன்னிப்புக் கேட்டு நழுவுவது கேவலம் என்று கண்ணையாவுக்குத் தோன்றியது.

"இல்லீங்க பாய். உங்களுக்கு கிளட்சும் தெரியாது, கியரும் தெரியாது, வண்டி தானா உருண்டாலே தேவலைன்னு சொன்னேன் பாருங்க, அது தப்புங்க."

மீரான் நிமிர்ந்தார்.

"தங்கச்சி, உங்க இடியாப்பத்துல ஜீப்பக் கட்டி இழுக்கலாம்னதும் தப்புங்க. ரெண்டு வாய்க்கு மேல எறங்கலதான். அதுக்காகச் சொல்லலாமுங்களா?"

டீ ஊற்றிக்கொண்டிருந்த குல்சும் ஃபிளாஸ்க்கை மூடினாள். ஹாரிகா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தனையும் கேட்டுப்போட்டு, ஒரு வார்த்தை வையாம வந்தீங்களே," என்று கண்கலங்கினார் கண்ணையா.

வண்டியிலிருந்து இறங்கிய நஞ்சப்பன் குழப்பத்தோடு சொன்னார்:

"அவுங்க எங்கீங்க கேட்டாங்க? உங்க தொணதொணப்பு தாங்கலீன்னு கெளம்புனதுமே குல்சும் அம்மணி அந்த ரேடியோப் பொட்டிய அமத்திப்போட்டாங்க. சொன்னா உங்க மனசு நோகுமேன்னுதான் ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கறாங்க."