கொதிக்கிற காரும் பொறுங்க பாஸும்

இலங்கை மலைநாட்டில் நான் இருந்த பதினேழு வருஷங்களில் எனக்கு வந்த இரத்தக்கொதிப்பு அத்தனைக்கும் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். மருந்து கலக்கிப் பிழைத்தவன் என்ற பொறுப்போடுதான் இதைச் சொல்கிறேன்.

லிந்துலையில் பெரிய ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டிலில் அவர் கார் ரிப்பேர் பார்த்துவந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் தெரியாது. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்குள் நூறு தடவை "பொறுங்க" என்பார். கைவேலைக்காரர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்பார்கள். ஆகவே அவர் பொறுங்க பாஸ்.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளி ஜனங்களுக்கு டாக்டரய்யா. சீமைக்குத் திரும்பிய சின்னதுரை, அதாவது உதவி மானேஜர், ஒருவர் தமது பழைய குட்டிக் காரை என் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார். நாலு பேர் உட்காரலாம். நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடக் கூடாது. மற்றபடி சமதரையில் தங்கமான கார். நானுஓயா ஏற்றத்தில் விட்டால் மட்டும் மூன்றாம் வளைவில் இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிடும். நோயாளிகளைக் கொண்டுபோக வேண்டிய ஆஸ்பத்திரியோ நுவரெலியாவில். அந்த ஏற்றம் ஏறாமல் அங்கே போக வழியில்லை.

ஒரு மெக்கானிக் ஃபேன் பெல்ட்டை மாற்றினார். இன்னொருவர் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். கார் புதுப் பெல்ட்டோடும் கொதித்தது, கழுவின ரேடியேட்டரோடும் கொதித்தது. கடைசியில்தான் விதி என்னை அந்தத் தகரக் கொட்டிலுக்குத் தள்ளியது.

"பாஸ், இஞ்சின் சூடாகுது. என்னத்தையாவது மாத்திக் குடுங்க" என்றேன்.

"பொறுங்க. எதை மாத்துறது?"

"கெட்டுப்போனதை."

"எது கெட்டுப்போச்சு?"

"அதைத்தான் உங்ககிட்டக் கேட்க வந்திருக்கேன்!"

"அப்ப பொறுங்க" என்று ஒரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தகரச் சுவருக்குப் போனார். எந்த கியரில் ஏறுவேன், எந்த வளைவில் கொதிக்கும், மழை நாளிலுமா, தனியே போனாலுமா, இறக்கத்தில் ஆறிவிடுமா என்று, பதில்களைச் சுவரில் எழுதிக்கொண்டே அரை மணி நேரம் குறுக்கு விசாரணை. கொலைக் கேசில்கூட அத்தனை கேட்டிருக்கமாட்டார்கள். காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

மூன்று நாள் கழித்துப் போனால், விட்ட இடத்தில் விட்டபடியே கார் நிற்கிறது. எதிரே ஒரு பெட்டியில் உட்கார்ந்து அவர் பாலில்லாத சாயத்தண்ணி குடிக்கிறார்.

"என்ன பாஸ் செஞ்சீங்க?"

"சூடு ஆற விட்டேன்."

"மூணு நாளாவா?"

"காரு அன்னிக்கே ஆறிருச்சுங்க. இது ஒங்களுக்கு."

நான் வாய்விட்டுத் திட்டியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

அதற்குப் பிறகு அவர் காரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலிலேயே ஆராய்ச்சியைத் தொடங்கினார். ரேடியேட்டர் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, கல்யாண வீட்டு ரசம் பார்க்கிறவர் மாதிரி கண்ணை மூடினார். "எண்ணெ ருசி இல்ல. எண்ணெயையும் தண்ணியையும் பிரிக்கிற கேஸ்கட் நல்லாருக்கு" என்றார். அப்புறம் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வைக் கழற்றினார். இஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற சாமான் அது. சரியான சூட்டில் திறக்கிறதா என்று பார்க்க அதை வெந்நீரில் போட வேண்டுமாம். நான் மருந்தறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது எங்கள் பால் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. என் மனைவி கையில் அகப்பையோடு நின்றாள்.

"என்னங்க, இந்த மனுசன் சட்டியில என்னத்தைப் போட்டு வேக வைக்கிறாரு?"

"பொறுங்கம்மா, இப்ப வாயைத் திறக்கும்" என்றார் பாஸ்.

"நானும் திறக்கப் போறேன்!" என்றாள் அவள்.

அவர் கவனிக்கவில்லை. தண்ணீரின் சூட்டை அளக்க, என் சட்டைப் பையிலிருந்த காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சட்டென்று உருவிக் கொதிநீரில் விட்டார். மனுஷக் காய்ச்சலுக்குச் செய்த கண்ணாடிக் குழாய் அது. டிக் என்று ஒரு சத்தம். பாதரசம் சட்டிக்குள் முத்து முத்தாக உருண்டது. தோட்டத்துக்கே இருந்த ஒரே தெர்மாமீட்டர்! பால் சட்டியும் குப்பைக் குழிக்குப் போயிற்று.

எப்படி உடைந்தது என்று தோட்ட ஆபீஸ் எழுத்தில் கேட்டது. "அளவு மீறிய காய்ச்சலால்" என்று எழுதினேன். நோயாளி எங்கே என்று மானேஜர் பெரியதுரை கேட்டார். லிந்துலைக்காரர் ஒருவரிடம் சிகிச்சை நடக்கிறது என்று பதில் எழுதினேன். பொய்யில்லை.

இத்தனைக்கும் பிறகு பாஸ் சொன்ன முடிவு: "இதுலயும் குத்தம் இல்ல. நின்னுக்கிட்டு இருக்கிற காரு பொய் சொல்லுதுங்க. ஏத்தத்துல மூச்சு வாங்குறப்பதான் உண்மை வரும். பொனட்டு மூடியைக் கழட்டிப்புட்டு நான் முன்னால படுத்துக்கிட்டு வர்றேன். நீங்க ஓட்டுங்க."

"தோட்டமே சிரிக்கும் பாஸ். நான் டிஸ்பென்சர்!"

"சிரிக்கட்டுமே."

முடியாது என்றேன். அவரும் விடவில்லை, நானும் இறங்கவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. கௌரவம் பெரிதென்று நான் கழித்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த திங்கட்கிழமை காலை, கொழுந்து பறிக்கிற செல்லம்மாவுக்கு வலி கண்டது. போய்ப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. என் மருந்தறையில் அதற்கு ஒன்றும் இல்லை. தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவளைக் காரின் பின் சீட்டில் சாய்த்து, அவள் புருஷன் மாரிமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினேன்.

லிந்துலையில் பாஸ் நடுரோட்டுக்கு வந்து கையை விரித்து மறித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். கொட்டிலுக்குள் ஓடி ஸ்பேனரும் சாக்கும் ஒரு தகர டின்னுமாக வந்தார். இரண்டு நிமிஷத்தில் பொனட் ரோட்டோரத்தில் கிடந்தது. அவர் மட்காட்டின் மேல் குப்புறப் படுத்து, ஒரு கையால் முன்விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தலையை இஞ்சினுக்குள் விட்டார்.

"போங்க!"

ஏற்றம் தொடங்கியது. மேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "அடியே, இங்க பாருங்கடி! டாக்டரய்யா மான் அடிச்சுக் காருல கட்டிக்கிட்டுப் போறாரு!" என்று ஒருத்தி கத்த, மலையே சிரித்தது. பின்னால் செல்லம்மா பல்லைக் கடித்து முனகினாள். நான் யாரையும் பார்க்கவில்லை.

இரண்டாம் வளைவு தாண்டியதும் பாஸ் அலறினார். "இன்னும் அமுக்குங்க! இன்னும்! ஆ... ஒட்டிக்கிருச்சு! கீழ் ஓஸ் ஒட்டிக்கிருச்சு! நிப்பாட்டுங்க!"

விஷயம் இதுதான். ரேடியேட்டரின் அடியிலிருந்து இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற ரப்பர் குழாய் உள்ளுக்குள் நைந்திருந்தது. கார் நிற்கும்போது உருண்டையாக, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். ஏற்றத்தில் இஞ்சின் வேகமெடுத்துத் தண்ணீரை உறிஞ்சியதும், சப்பிப் போட்ட மாங்கொட்டையாகத் தட்டையாகிவிடும். தண்ணீர் நின்றுபோகும், இஞ்சின் கொதிக்கும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் குழாய் பழையபடி உருண்டை. இத்தனை நாள் எல்லோரையும் ஏய்த்தது அதுதான்.

பாஸ் பக்கத்து வேலியிலிருந்து ஒரு முழம் கம்பியை முறித்து, சுத்தியல் பிடியில் சுற்றிச் சுருளாக்கினார். அதைக் குழாய்க்குள் நுழைத்துவிட்டால் குழாய் ஒட்டாது. ஆனால் அதற்குக் குழாயைக் கழற்ற வேண்டும். உள்ளே இருப்பதோ கொதிநீர்.

"ஆறட்டும் பாஸ்! கை வெந்துபோகும்!" என்று கத்தினேன்.

"புள்ள ஆறுமா?" என்றார்.

கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு குழாயை இழுத்தார். கொதிநீர் சாக்கை நனைத்து இரண்டு கையிலும் இறங்கியது. அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கம்பிச் சுருள் உள்ளே போயிற்று, குழாய் மாட்டியாயிற்று. மாரிமுத்து டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான். "மொதல்ல இஞ்சினை ஓட விடுங்க. தண்ணிய நூலு மாதிரி ஊத்துடா. ஒரேயடியா ஊத்துனா, இஞ்சின் வெடிச்சிரும்" என்று அப்போதும் அவர்தான் அதட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வளைவை அந்தக் கார் முதன்முறையாக ஆவியில்லாமல் ஏறியது. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். ஒரு மணிக்கு நர்ஸ் வெளியே வந்து பெண் குழந்தை, தாயும் நலம் என்றாள். மாரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பாஸின் கைகளுக்கு நானே கட்டுப் போட்டேன். அதற்கும் விசாரணை. "பொறுங்க, இது என்ன மருந்து? ஏன் மஞ்சளா இருக்கு? ஏன் இத்தனை சுத்து?" முழங்கை வரை வெள்ளைத் துணியாக ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தவர், தேத்தண்ணி வேண்டும் என்றார். வாங்கிவந்தேன். டம்ளரைப் பிடிக்க அவருக்கு ஒரு விரல்கூடக் கட்டுக்கு வெளியே இல்லை.

கம்பி வைத்தது தற்காலிகம்தான், புதுக் குழாய் போட வேண்டும், ஏற்றத்தில் கியர் மாற்ற எனக்குத் தெரியவில்லை, பிரேக்கை மிதிக்கிறேனா மண் மிதிக்கிறேனா என்றே புரியவில்லை என்று அவர் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். நான் தேத்தண்ணியை ஊதி ஊதி, அவர் மூச்சு வாங்க நிறுத்திய போதெல்லாம் ஒரு வாய் குடிக்கக் கொடுத்தேன்.