வழுவாநாவரின் வழு

மூன்று பக்கமும் கடல் காவல் நின்ற மாடநாட்டில், வெள்ளம் வருமுன்னே அதைச் சொல்லக்கூடிய அறிஞர் ஒருவர் இருந்தார். இளந்திரையர் என்பது அவர் பெயர். ஒருமுறை அவர் சொன்ன சொல்லைக் கேட்டு மேட்டுக்கு ஏறிய ஊர்கள் யாவும் பிழைத்தன. நன்றி மிகுந்த மன்னர் அவருக்கு ‘வழுவாநாவர்’ என்ற பட்டத்தை அளித்தார். பட்டத்தோடு, அவர் சொல் பிழையாகாது என்றொரு சட்டத்தையும் இயற்றினார். பட்டம் அறிஞரைப் பெருமைப்படுத்தியது. சட்டம் அவரை என்ன செய்தது என்பதை அப்போது எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பின்னர் இருமல் காய்ச்சல் வந்தது. நோய்களைப் பற்றி இளந்திரையர் அதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. ஆயினும் அரசவை அவரையே கேட்டது.

“மண்ணிலிருந்து எழும் ஆவியே இந்நோய். உயரத்தில் இருப்போரை அது தீண்டாது,” என்றார் அவர்.

குடிமக்கள் மாடமண்டபங்களில் ஏறித் தங்க வேண்டும் என்று அன்றே ஆணை பிறந்தது. பத்துப் பேர் படுக்கும் இடத்தில் நூறு பேர் படுத்தனர். ஒருவர் இருமிய மூச்சை மற்றவர் இழுத்தனர். சாவு பெருகவே, ஆவி மேலேறி வருகிறது என்று கூறிச் சாளரங்களை அடைக்க இன்னோர் ஆணை வந்தது. அதற்கும் சாவு அடங்காதபோது, மாடங்களில் இருமுவது அரசநிந்தனை என்று அறிவிக்கப்பட்டது. மக்கள் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு இறந்தனர்.

குழந்தைகளுக்குத் தனி மண்டபம். பள்ளி ஆசிரியை குமுதவல்லி, பிணம் சுமப்போருடன் கலந்து தன் மண்டபத்திலிருந்து தப்பி வந்து, மகள் நங்கை இருந்த மண்டபத்தின் படிக்கட்டில், காவலர் முன் நின்றாள்.

“அண்ணே, எம் பொண்ணு நேத்துலேந்து இருமுறா. எறக்கி விட்டுருங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

“கீழ எறங்கினா செத்துருவா தாயி. சட்டம்.”

“மேலதானண்ணே சாவுறாங்க!”

“மேல ஒருத்தரும் சாவலியே,” என்றார் காவலர் நிதானமாக. “நீயே பாரு. பொணமெல்லாம் கீழதான் கெடக்கு.”

குமுதவல்லி அறிஞரிடம் ஓடினாள். அவரும் மாடத்தில்தான் இருந்தார். தனியாக, சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு.

“ஐயா, உங்க நூலத்தான் பிள்ளைங்களுக்கு நடத்தறேன். கண்ணால பாக்காதத எழுதாதேன்னு அதுல நீங்களே எழுதியிருக்கீங்க. இந்த ஆவிய எங்க பாத்தீங்க?”

அவர் தம் நூலை எடுத்துப் புரட்டினார். அவள் விடவில்லை.

“உப்பளத்துச் சனத்த மாடத்துல ஏற விடறதில்ல. அவங்க மண்ணுலதான் படுக்கறாங்க, எட்ட எட்ட குடிசை போட்டு. ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. போய்ப் பாருங்க.”

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது குமுதவல்லி அங்கேயே காத்திருந்தாள்.

“பாக்காமதான் சொன்னேம்மா. வெள்ளமே எம்பேச்சுப்படி வந்துச்சு, நோயும் அப்படி வரும்னு நெனச்சுட்டேன்,” என்றவர், நேரே அவைக்குச் சென்றார். குமுதவல்லியும் பின்தொடர்ந்தாள்.

“மன்னா, நான் சொன்னது தவறு. நோய் மூச்சில் பரவுகிறது. மக்களை இறக்கி, விலகி வாழச் செய்யுங்கள்.”

அமைச்சர் கூத்தபிரான் எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“வழுவாநாவர் தவறார். இவரோ தவறினேன் என்கிறார். ஆகவே இவர் வழுவாநாவர் அல்லர்.”

“அப்படியே ஆகட்டும். என் பழைய சொல்லையாவது நீக்கிவிடுங்கள்.”

“வழுவாநாவரின் சொல்லை நீக்கும் உரிமை வழுவாநாவருக்கே உண்டு. நீர் யார்?”

“சாடை மட்டும் அப்படியே இருக்குதுப்பா,” என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

போலி அறிஞர் மிக நெரிசலான மண்டபத்துக்கு ஏற்றப்பட்டார். ஆணைகளில் பதிக்கும் அவரது முத்திரை அமைச்சரிடம் சேர்ந்தது. வழுவாநாவர் இல்லாமலே வழுவாநாவரின் ஆணைகள் தொடர்ந்தன.

தரையில் விழுந்து அழுத குமுதவல்லியைக் கண்டு மன்னர் இரங்கினார். அவள் மகளுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தார். எழுத்தர் எழுதினார், அமைச்சர் முத்திரையிட்டார். அவள் ஓலையோடு படிக்கட்டுக்கு ஓடினாள். காவலர் அதை உரக்கப் படித்தார்.

“‘நங்கை இறக்கலாம்.’”

“எறக்கிருங்கண்ணே, சீக்கிரம்.”

“இதுல எறக்கச் சொல்லலியே தாயி. மூட்டை இறக்கலாம்னு போட்டா மூட்டைய எறக்குவோம். ஆளு இறக்கலாம்னா அது வேற அர்த்தமாச்சே. ‘நங்கையை’ன்னுல்ல இருக்கணும்?”

“ஒரு எழுத்துண்ணே! எழுதறவரு விட்டுட்டாரு.”

“இருக்கும். அத நான் போட முடியுமா? அரண்மனைக்குப் போய்ப் போட்டுட்டு வா.”

மேலே, துணிக்குள் அடைபட்ட ஓர் இருமல் கேட்டது. குமுதவல்லி மறுபடி ஓடினாள். கூத்தபிரான் ஓலையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் ஆராய்ந்தார்.

“அம்மையே, இது வழுவாநாவரின் முத்திரை விழுந்த ஓலை. இதில் வழு இருக்க முடியாது.”

அன்று அந்திக்குள் நங்கை, அந்த ஆணைக்கு ஓர் எழுத்தும் பிசகாமல் கீழ்ப்படிந்தாள்.