ஆறு தந்தி, அறுநூறு கை

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி வரும் பஸ்கள் ஞாயிறு காலையில் ஒரே இடத்தில்தான் காலியாகும். ஒரு பேக்கரியின் வாசலில். அங்கிருந்து மாடிப்படி வரை வரிசை. பாணுக்கான வரிசை என்று நினைத்து நின்றவர்களும் உண்டு. மேலே போன பிறகுதான் அங்கே பாண் இல்லை, கிதார் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. வந்ததுதான் வந்தோம் என்று அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. யுத்தம் வடக்கில் நடந்தது. அதன் சோதனைச் சாவடிகள் கண்டி வரைக்கும் வந்திருந்தன. பயந்த சனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு மின்சாரக் கிதார்.

மஞ்சள் பட்டு விரித்த கதிரையில் அது சாய்ந்திருக்கும். கழுத்தில் மாலை. உடம்பில் பாதி கருகியிருக்கும். பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் ஸ்ரீஸ்கந்தராசா. முந்தி ஹோட்டல் இசைக்குழுவில் கிதார் வாசித்தவர். இப்போது தந்தி சுவாமி.

"அம்பத்தாறாம் ஆண்டு அமெரிக்காவில செய்தது. உலகத்திலயே ஏழுதான் மிச்சம்," என்பார் சுவாமி. "ஆறு வெள்ளைக்காரரிட்ட இருக்கு. ஏழாவதை ஹேவாஹெட்டத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருத்தர் ஊருக்குப் போகேக்க என்னட்டத் தந்தவர். கொழும்பில ஒரு வீடே தாறன் எண்டு கேட்டு வந்தவங்கள். நான் குடுக்கேல்ல. ஏன்? எண்பத்துமூண்டுக் கலவரத்தில எங்கட கடையோட எல்லாம் எரிஞ்சுது. இரும்பு அலுமாரியே வளைஞ்சு போச்சு. இந்தத் தந்தி ஆறும் அப்பிடியே நிண்டுது. நெருப்பு தொடாத தந்தி உங்களையும் ஒண்டும் தொட விடாது."

சுவரில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகைத் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். இதே மாதிரிக் கிதாரின் படம். கீழே நிறைய எழுத்து, நடுவில் ஒரு பெரிய டொலர் தொகை. அதற்கும் மாலை. ஆங்கிலம் தெரியாதவர்கள் அதைக் கும்பிட்டார்கள். தெரிந்த நானும் கும்பிட்டேன். நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞன். மாலை போட்ட கடதாசியை நின்று வாசிப்பது மரியாதையில்லை என்று எனக்குத் தோன்றியது.

பெட்டி எந்நேரமும் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருக்கும். அடியார் தந்தியைத் தொட்டதும் முனகல் நின்றுவிடும். நின்றால் வேண்டுதல் ஏற்கப்பட்டது என்று அர்த்தம். யாருக்கும் நிற்காமல் இருந்ததில்லை. அந்த வருடம் மழை பொய்த்து, நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அப்போது வாசலில் "சுவாமி மௌன விரதம்" என்று பலகை தொங்கும். விரத அட்டவணையை மின்சார சபைதான் பத்திரிகையில் போட்டது. அதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

பிறகு சுவாமி கிதாரைத் திரைக்குப் பின்னால் எடுத்துப்போய், தந்தியில் ஒரு துண்டை வெட்டி, மஞ்சள் நூல் சுற்றி வந்து கையில் கட்டுவார். மெல்லிய தந்தி வெளிநாட்டு விசாவுக்கு. அடுத்தது கலியாணத்துக்கு. ஐந்தாவது பதவி உயர்வுக்கு. அதுதான் என் கையில். எல்லாவற்றிலும் தடித்த ஆறாவது, சோதனைச் சாவடிக்கு. அதன் காணிக்கை ஒரு சோடித் தோடு. நூலைப் பிரித்தால் பலன் போய்விடும்.

இந்தத் தடித்த தந்தியில்தான் இரஞ்சிதத்தின் மனம் சிக்கியது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். மடவளையில் கைரியா என்பவரின் தையற்கடையில் பொத்தான் காஜா எடுப்பவள். அவள் புருஷன் அழகமுத்து நல்ல சமையற்காரன். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் பஸ் ஏற வேண்டும். ஆனால் அவனிடம் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாத தமிழனை வழியில் இறக்கினால் எப்போது விடுவார்கள், எங்கே தேடுவது என்று யாராலும் சொல்ல முடியாத காலம். தோட்டை அடகு வைத்துப் பிறப்புச் சான்றிதழ், சத்தியக் கடதாசி எல்லாம் எடுப்பதாக முதலில் பேச்சு. பிறகுதான் சுவாமியின் தந்தி நடுவில் வந்தது.

"அட்ட கைக்கு வர மூணு மாசம் ஆகுமாம் அக்கா. தந்தின்னா இன்னைக்கே கட்டிருவாங்க," என்றாள் இரஞ்சிதம்.

"ஆமிக்காரன் ஒண்ட புருஷன்ட கையப் பாப்பானா, அட்டயக் கேப்பானா?" என்றார் கைரியா.

"சாமி கட்டுனா கேக்கவே மாட்டாங்களாம்."

கைரியா எழுந்தார். கழுத்தில் கிடந்த அங்குல நாடாவைக் கழற்றக்கூட இல்லை. கத்தரிக்கோலையும் தேத்தண்ணி பிளாஸ்கையும் பையில் போட்டுக்கொண்டு, "நட, நானும் வாரேன்," என்றார்.

அன்று மாடி மண்டபத்தில் நாங்கள் நூறு பேர் இருப்போம். முறை வந்ததும் கைரியா தந்தியைத் தொட்டார். முனகல் நின்றது.

"பாத்தீங்களே, நம்பிக்கை உள்ள பிள்ளை," என்றார் சுவாமி.

"எனக்கு இதுல ஒரு நம்பிக்கையும் இல்ல."

"உள்ளுக்க இருக்குப் பிள்ளை. உங்களுக்கே தெரியாது."

கூட்டம் உருகியது. எனக்கும் கண் கலங்கியது. கைரியா கையை எடுத்தார், முனகல் திரும்பியது. கத்தரிக்கோலை எடுத்து அதன் நுனியால் தந்தியைத் தொட்டார். மறுபடி நின்றது.

"அப்ப கத்தரிக்கோலுக்கும் நம்பிக்கை இரிக்கி. ஒங்கட பெட்டி மனுசன் தொட்டாலும் அடங்கும், மனுசன் புடிச்ச இரும்பு தொட்டாலும் அடங்கும். எங்கட ஊட்டுப் பழைய ரேடியோவும் இதத்தான் செய்யிற."

ஒருவர் நம்பிக்கையும் அசையவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் கத்தரிக்கோலைக் கும்பிட்டார்கள்.

கைரியா பெருமூச்சு விட்டுவிட்டு நாடாவை எடுத்தார். ஒரு தந்தியை மேலிருந்து கீழ்வரை அளந்தார். பிறகு என் மணிக்கட்டை இழுத்து அளந்தார்.

"தந்தி மூணடி. ஒரு கைக்கு ஒம்பது அங்குலம். ஒரு தந்தியில நாலு கை. ஆறு தந்தியில இருவத்திநாலு. சரி, இதுவரைக்கும் கட்டினவங்க கையத் தூக்குங்க."

நூறு பேரில் எழுபது கை எழுந்தது. அது அன்றைய கூட்டம் மட்டும். மூன்று மாதத்தில் அறுநூறு கைக்காவது கட்டியிருப்பார்.

"இருவத்திநாலு போக மத்தவங்க கையில இரிக்கிறது என்ன?"

அப்போது நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பரிதாபமாகப் பார்த்தோம். அந்த இருபத்துநாலு பேரில் தான் ஒருவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"சரி, இருவத்திநாலு பேருக்கு வெட்டினா கிதார்ல தந்தியே இரிக்க ஏலாதே. ஆறும் முழுசா இரிக்கி?"

சுவாமி கண்ணை மூடித் திறந்தார். "தந்தி வளரும்."

மண்டபம் முழுக்க மூச்சை இழுத்தது. இந்தப் பெரிய அற்புதத்தை இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்த அடக்கத்தை நினைத்து நான் வியந்தேன்.

"நல்லம்," என்று கைரியா நிலத்தில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தார். "இரஞ்சிதத்துக்கு வெட்டுங்க. வளருறதப் பாத்துட்டுப் போறோம்."

"திரைக்குப் பின்னாலதான் வெட்டுறது வழக்கம்."

"நாங்க துணிய ஆளுக்கு முன்னாலதான் அளந்து வெட்டுற."

சுவாமியை மாட்டிவிட்டது கைரியா அல்ல. நாங்கள்தான். "வெட்டுங்கோ சாமி, வளர்றதக் கண்ணால பாப்பம்," என்று பக்தர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கையில் குறடைத் திணித்தார்கள். வேறு வழியில்லாமல் அவர் ஆறாவது தந்தியை வெட்டினார். அது ஒரு முனகலோடு சுருண்டது.

காத்திருந்தோம். அரை மணியில் ஒருவர் நெல்லளவு வளர்ந்திருக்கிறது என்றார். நாடா இல்லை என்றது. ஒரு மணி நேரத்தில் கீழே பேக்கரியிலிருந்து பணிஸ் வந்தது. சுவாமி மட்டும் சாப்பிடவில்லை.

சைக்கிள் கடை பொன்னையா முன்வரிசையில் இருந்தார். பொழுது போகாமல் வெட்டிய துண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றிய தந்தி அது. தொழில்காரன் விரல் அல்லவா, எதையோ கேட்டது. அவர் கைரியாவிடம் கத்தரிக்கோலை வாங்கித் தன் மணிக்கட்டு மஞ்சள் நூலைப் பிரித்தார். உள்ளே இருந்தது சுற்றிய தந்தி அல்ல, முறுக்கிய கம்பி.

"இது சைக்கிள் பிரேக் கம்பி," என்றார்.

"வடிவாப் பாருங்கோ," என்றது ஒரு குரல்.

"என்னத்தைப் பாக்கிறது? நான்தான் இவருக்கு வித்தனான். ரெண்டு சுருள். விலைக்கழிவும் போட்டுக் குடுத்தனான்." அவர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "அதையே அரைப் பவுன் மோதிரம் குடுத்து வாங்கிக் கட்டியிருக்கிறன்."

கத்தரிக்கோல் கைமாறி கைமாறிப் போயிற்று. எழுபது கையிலும் பிரேக் கம்பி. விசா, கலியாணம், என் பதவி உயர்வு எல்லாம் ஒரே சுருள்.

எனக்கு வந்த கோபத்தில் சுவரிலிருந்த தாளின் மாலையைப் பிய்த்தேன். பிய்த்த பிறகுதான் முதன்முறையாக வாசித்தேன். சத்தமாகவே வாசித்தேன். அம்பத்தாறாம் ஆண்டுக் கிதார் என்பது உண்மை. மிக அரிது என்பதும் உண்மை. அடுத்த வரி இது: பழைய மெருகு அப்படியே இருந்தால்தான் அந்த விலை, தீப்பட்டதைச் சேகரிப்பவர் எவரும் தொடமாட்டார்.

"அப்பிடியோ எழுதியிருக்கு?" என்று ஸ்ரீஸ்கந்தராசா எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எண்பத்துமூணில எரிஞ்சதுதானே, இப்ப என்ன?" என்றேன்.

அவர் கதிரையில் விழுந்தார். "எண்பத்துமூண்டில எங்கட கடைப்பக்கம் ஒண்டும் நடக்கேல்ல. தை மாசம் நான்தான் ஊதுவிளக்கால கருக்கினனான். அந்தத் தொகையை மட்டும்தான் பாத்தனான், மிச்சத்தை வாசிக்கேல்ல."

வேறு எதற்கும் நான் அவருக்காக இரங்கவில்லை. அந்தக் கிதாருக்காக ஒரு நிமிடம் இரங்கினேன். மற்றவர்கள் எரிந்து செத்த நெருப்பை எடுத்து வியாபாரம் செய்தவர், தன்னிடம் இருந்த ஒரே உண்மையான சொத்தை அதே நெருப்பில் பொசுக்கியிருந்தார். திரைக்குப் பின்னால் இருந்த காணிக்கைப் பெட்டியைப் பொன்னையா தூக்கி வந்தார். அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

இரஞ்சிதத்தின் தோடு அவள் கையை விட்டே போகவில்லை. மறுநாள் அழகமுத்து பஸ் ஏறவில்லை. அந்த ஹோட்டல் காத்திருக்கவும் இல்லை. தோடு அடகுக்குப் போனது. புசல்லாவைக்கும் கண்டிக்குமாக இருவரும் அலைந்தார்கள். விண்ணப்பங்களை நான் நிரப்பிக் கொடுத்தேன். செய்த மடத்தனத்துக்கு அது குறைந்தபட்ச அபராதம். நான்காவது மாதம் அட்டை வந்தது. வேறொரு ஹோட்டலில் வேலையும் வந்தது.

புறப்படும் காலையில் இருவரும் கைரியாவின் கடைக்கு வந்தார்கள். நானும் ஒரு காற்சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். இரஞ்சிதம் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை நீட்டினாள். உள்ளே அடையாள அட்டை. அழகமுத்துவின் முகத்தை மூடிக் கனமாகச் சந்தனம் அப்பியிருந்தது.

"மூணு நாளா சாமித்தட்டுல வச்சிருந்தேன் அக்கா. இப்புடியே கட்டிக் குடுத்துரவா?"

கைரியா ஈரத்துணியால் அட்டையைத் துடைத்தார். முகம் தெரிந்தது, இலக்கம் தெரிந்தது. அதை அழகமுத்துவின் சட்டைப் பையில் வைத்தார்.

"கேட்டா எடுத்துக் காட்டுங்க தம்பி. இது கும்பிடுற சாமான் இல்ல."

அன்று மூன்று இடத்தில் அவனை மறித்தார்கள். மூன்று இடத்திலும் அட்டையைப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். கையை யாரும் பார்க்கவில்லை.

இதை வாசிக்கும் உங்கள் கையிலும் ஏதாவது மஞ்சள் நூல் இருந்தால், கோபிக்காமல் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். உள்ளே பிரேக் கம்பி இருந்தால் எறிந்துவிட வேண்டாம். சைக்கிளில் பூட்டுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது அது உண்மையிலேயே உங்களைக் காப்பாற்றும்.