பீரோவுக்குள் வைஃபை

வைஃபையைக் கண்ணால் பார்த்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சிக்னல் அண்ணாச்சிதான். மற்றவர்களுக்கு அது வரும், போகும். அவருக்கு அது ஒழுகும், சந்துக்குள் ஓடும், பக்கத்து வீட்டுக்காரன் பிடித்து வைத்துக்கொள்வான்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நான். தாராவியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் வீட்டில் கீழே பை தைக்கிற மெஷின். இரும்பு ஏணி ஏறினால் குடும்பம். ஐரோலியில் ஐ.டி. கம்பெனியில் எனக்கு வேலை, ஆனால் பாதி நாள் வீட்டிலேயே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பேன். சந்தேகத்துக்கு அது போதாதா?

"தம்பி, நேத்து மத்தியானம் எங்க நெட்டு உங்க பக்கம் வந்துச்சா?"

"எப்படி அண்ணாச்சி வரும்? பாஸ்வேர்டு இருக்குல்லா?"

"பாஸ்வேர்டு வாசலுக்குத்தான. சொவருக்கு?"

நான் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன்.

நெட் நின்றால் வீட்டில் ஊரடங்கு. ஃபேன் பந்த். மிக்ஸி பந்த். "குக்கரை எறக்குட்டி, விசிலுக்கு நெட்டு பயப்படுது!" என்பார். அவர் மனைவி பொன்னக்கா அசையமாட்டார். "பசிச்சா உங்க நெட்டையே தின்னுங்க." வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் நெட் பிய்த்துக்கொண்டு ஓடும். அம்மனுக்கு உகந்த நாள் என்று அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

விளையாட்டு வினையானது மகள் செல்விக்குச் சம்பந்தம் பேசியபோது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. செல்விக்குப் பையனை ரொம்பவே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "உங்களுக்குச் சம்மதந்தான அண்ணாச்சி?"

பதில் சொல்ல அண்ணாச்சி வாயைத் திறந்தார். அந்த நொடியில் நெட் நின்றது. ஒரு கண் மூடி, உதடு கோணி, வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு அவர் அந்த அம்மாவின் செல்போனில் உறைந்துவிட்டார்.

சாயங்காலம் பொன்னக்காவுக்குப் போன் வந்தது. "பிடிக்கலன்னா வாயால சொல்லலாம்லா? இப்படியா மூஞ்சியச் சுளிப்பாவ?"

அதிர்ந்து பேசாத செல்வி நேராக என் வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. "அண்ணே, மேல வந்து எங்க ரூட்டர் இருக்கிற லட்சணத்தப் பாருங்க."

ஏணி ஏறினேன். செல்வி இரும்பு பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைக்குப் பின்னால், துவாலை சுற்றி, வியர்த்துப்போய் மினுங்கிக்கொண்டிருந்தது ரூட்டர். வயர் போக பீரோவின் முதுகில் ஓட்டை வேறு.

"வெளிய வச்சா ஒழுகும்லா?" என்றார் அண்ணாச்சி.

இரும்பு சிக்னலை வெளியே விடாது, ரூட்டரும் நெட் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த அரதப்பழசு என்று விளக்கினேன். வெள்ளிக்கிழமை ரகசியமும் உடைந்தது: அன்றுதான் பொன்னக்கா கோயிலுக்குச் சேலை எடுக்கப் பீரோவைத் திறந்துபோடுவார்.

அண்ணாச்சி பட்டுச்சேலையைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ இத்தன நாளா இந்தச் சேலைக்குத்தான் நெட்டு கெடச்சிருக்கா?"

மறுநாளே பக்கத்தில் சயானில் இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். நல்ல ரூட்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மாட்டைப் பார்ப்பதுபோல் அதன் கொம்புகளைத் தடவிப் பார்த்தார்.

"சொவரு தாண்டுமா?"

"தாண்டும் அண்ணாச்சி."

"அப்போ உம்ம வீட்டுக்கும் வருமே!" கொஞ்சம் யோசித்தார். "சரி, வந்தா வந்துட்டுப் போகுது."

ஏணி முடிகிற இடத்தில், இரண்டு தளத்துக்கும் எட்டுகிற மாதிரி, உயரத்தில் மாட்டினோம். மாப்பிள்ளை வீட்டாரைக் கெஞ்சி மறுபடி வீடியோ காலில் உட்காரவைத்தோம். "முழுச் சம்மதம்" என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, அப்படியே ஆடாமல் அசையாமல் இருந்தார். இனி உறைந்தாலும் சிரித்தபடி உறையட்டும் என்ற முன்ஜாக்கிரதை.

"ஐயோ, மறுபடி படம் நின்னுட்டே!" என்றார் அந்த அம்மா.

"இல்ல அத்த," என்றாள் செல்வி. "அப்பா சிரிக்காவ."

கல்யாணம் முடிந்து செல்வி சிங்கப்பூர் போய்விட்டாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் என் வீட்டு நெட் படுத்துவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஓயாத மெஷின் ஓய்ந்திருந்தது; ஊசிக்கடியில் பாதி தைத்த பை. உதட்டில் விரல் வைத்தார். எதிரே சாய்த்துவைத்த செல்போனில், வேலை முடிந்து வந்து பேசிக்கொண்டிருந்த செல்வி, அப்படியே தூங்கிப்போயிருந்தாள்.

"மெஷின ஓட்டுனா முழிச்சிருவா தம்பி," என்றார் ரகசியமாக.

மியூட் என்று ஒரு பட்டன் இருப்பதை நான் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் மெல்ல மெல்லத் தட்டச்சு செய்தேன்.