எலிஹியோ மாஸ்டரின் மூலிகைத் தண்ணீர்

எங்கள் சியுதாத் தெல் எஸ்தே நகரில் நாற்பது டிகிரி வெயிலுக்கு எவரும் அஞ்சுவதில்லை. வரிசையில் இடம் பறிபோவதற்கு மட்டுமே அஞ்சுவார்கள். அந்த டிசம்பரில் பராகுவேயின் மிக நீண்ட வரிசை சுங்கச் சாவடியில் இல்லை, பிரேசிலுக்குப் போகும் பாலத்தின் மேலும் இல்லை. மின்பொருள் கடைவளாகத்தின் கடைக்கோடியில், எலிஹியோ மாஸ்டரின் கடை வாசலில் இருந்தது. இரைச்சலிடும் கணினிகளை நெஞ்சோடு அணைத்தபடி, பிள்ளைக்கு மந்திரிக்க வந்தவர்களைப் போல மக்கள் விடியற்காலை முதலே நின்றார்கள். படிப்பில்லாத கூட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். முதல் ஆளாக நின்றவர் ஒரு பல் மருத்துவர்.

மாஸ்டரின் புகழ் அப்படி. அவர் கைபட்ட கணினி மூச்சு விடுவதுகூடக் கேட்காதாம். அமைதி தாங்காமல் ஒருவர் தம் கணினி ஓடுவதையே மறந்து ஊருக்குப் போய்விட்டாராம். இந்தச் செய்தியைச் சொன்னவர்களில் ஒருவரும் அந்த ஒருவரைப் பார்த்ததில்லை. அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

மாஸ்டர் முன்பு லாரி ரேடியேட்டர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர். இப்போது வெள்ளைத் துணி விரித்து அதன்மேல், கணினிக்குள் தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை இறக்கும் பம்பு, குழாய், ரேடியேட்டர், விசிறி ஆகியவற்றைப் பரப்புகிறார். வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நூலில் கட்டிய மாட்டுக்கொம்புக் குவளை ஒன்றை மாஸ்டர் பாகங்களின் மேலே ஊசலாட விடுவார். எந்தப் பாகத்தின்மீது குவளை நடுங்குகிறதோ அந்தப் பாகம் வாடிக்கையாளரை நேசிக்கிறது என்று பொருள். வியப்பு என்னவென்றால், ஆறு மாதங்களில் மலிவான பாகம் ஒன்றுகூட எவரையும் நேசித்ததில்லை.

அடுத்தது மூலிகைத் தண்ணீர். எங்கள் ஊரில் ஐஸ் தண்ணீரில் புதினாவும் எலுமிச்சைப் புல்லும் இடித்துப் போட்டு, இலைத்தூள் நிறைத்த கொம்புக் குவளையில் ஊற்றி, ஒரே உறிஞ்சுகுழலால் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் குடிப்போம். தெரரே என்று பெயர். அது இல்லாமல் இந்த ஊரில் எந்த உடம்பும் பகலைக் கடக்காது. மாஸ்டரின் தத்துவம் இந்த ஒரு குவளையிலிருந்து எழுந்தது: மனிதனைக் குளிரவைப்பது இயந்திரத்தைக் குளிரவைக்காதா? கேட்டவர்கள் தலையசைத்தார்கள். இயந்திரத்துக்கு வயிறு உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. கணினியின் குழாய்களில் மாஸ்டர் புதினாத் தண்ணீரை நிரப்பினார்.

வாக்கு பொய்க்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டே வாரத்தில் இலைச்சாறு குழாய்க்குள் அழுகி, கொழகொழத்து, பம்பை அடைக்கும். கணினி சூடேறித் தானே அணைந்துவிடும். பிறகு ஒரு சத்தமும் இல்லை. செத்தவை சத்தமிடுவதில்லை. புகார் சொல்லி வந்தவர்களிடம், கணினி விரதம் இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்றார் மாஸ்டர். அவர்களும் தொந்தரவு செய்யவில்லை.

இவற்றுக்கெல்லாம் ஆதாரமாகக் கடை நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர் ஓடும் குழாய்கள், வண்ண விளக்குகள். மேலே, உள்ளிருக்கும் கணினி ஓட்டுவதாக மாஸ்டர் சொன்ன ஒரு திரை. அதில் காலை முதல் மாலைவரை கார்ப் பந்தய விளையாட்டு ஓடும். பெட்டியில் காதை வைத்தால் அமைதியோ அமைதி. மக்கள் காதை வைத்தார்கள். எடுக்கும்போது கண் கலங்கினார்கள்.

இந்த வரிசைக்குத்தான் ஒரு சனிக்கிழமை காந்தலீசியோ தன் ஹார்ப் யாழைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். வீட்டிலேயே வாசித்துப் பதிவுசெய்து வானொலிக்கு அனுப்புகிறவன். வானொலி மூன்று முறை பதிவைத் திருப்பியிருந்தது. யாழ் நன்றாக இருக்கிறது, கூடவே ரீங்கரிக்கும் வண்டு யார் என்று கேட்டிருந்தார்கள். வண்டு அவனுடைய கணினியின் விசிறிதான். திங்கட்கிழமைக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் அதிகாலை நிகழ்ச்சி ஓர் அக்கார்டியன்காரருக்குப் போய்விடும்.

குவளை ஊசலாடியது. வழக்கம்போல மிக விலையுயர்ந்த ரேடியேட்டர் காந்தலீசியோவின் மேல் காதல் கொண்டது. பிறகு மாஸ்டர் யாழைப் பார்த்தார். நல்ல மரம், பழைய வேலைப்பாடு. அவர் முகத்தில் ஞானம் படர்ந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர் புதுசா வீட்டுக்கு வருது. அங்க ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாது. யாழை இங்க விட்டுட்டுப் போ. தண்ணி அடங்குற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"எத்தனை நாளு மாஸ்டர்?"

"தண்ணி சொல்லும்."

அமைதியாகப் பதிவுசெய்யும் கணினி வீட்டில், பதிவுசெய்ய வேண்டிய யாழ் கடையில். இதில் ஏதோ இடிக்கிறது என்று காந்தலீசியோவுக்குத் தோன்றியது. ஆனால் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், நூறு பேரா ஏமாறுவார்கள் என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணம் வென்றது. எப்போதும் அதுதான் வெல்லும்.

செய்தி அவன் தங்கை நிமியாவுக்குப் போயிற்று. வளாகத்தின் வாசலில் உரலும் உலக்கையுமாக உட்கார்ந்து பச்சிலை விற்பவள் அவள். மாஸ்டருக்குப் புதினா கொடுப்பவளும் அவளே. தெரரேக்கு வாங்குகிறார் என்று நினைத்திருந்தாள். வளாகத்தின் பின்சந்தில் அவள் இலைகளைக் கட்டிக் காயப்போடுவாள். மற்ற இடங்களில் காய இரண்டு நாளாகும். மாஸ்டர் கடையின் கழிப்பறைச் சன்னலுக்குக் கீழே மட்டும் அரை நாளில் காய்ந்துவிடும். பக்கத்துக் கடைக்காரி அந்த மூலையைப் புண்ணியத் தலமென்று கருதி மெழுகுவத்தி ஏற்றத் தொடங்கியிருந்தாள்.

நிமியா உலக்கையும் கையுமாக வரிசையைப் பிளந்துகொண்டு, யாழைக் கொடுத்துவிட்டு நின்ற அண்ணனைத் தாண்டிக் கடைக்குள் வந்தாள். கண்ணாடிப் பெட்டியின் பின்னால் கையை வைத்தாள். பிறகு பெட்டியின் ரேடியேட்டரைத் தொட்டாள். பிறகு தன் இடுப்பில் தொங்கிய ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொட்டாள்.

"ஏங்க, இந்தப் பொட்டி காலையிலேருந்து ஓடுதா?"

"ஆறு மணியிலேருந்து," என்றார் பல் மருத்துவர் பெருமையோடு.

"அப்ப ஏன் சுடல? நான் பத்து நிமிஷம் உலக்கை பிடிச்சா எனக்கே சுடுது."

"பச்சிலைக்காரம்மா, அதாம்மா தண்ணியோட மகிமை. சூட்டைக் குடிச்சிடுது," என்றார் மாஸ்டர்.

"தண்ணி சூட்டைக் குடிக்காது மாஸ்டர், சுமந்துக்கிட்டுப் போகும். எங்கயாச்சும் இறக்கி வைக்கணுமில்ல? வேலை செய்யற எதுவும் சூடாகும். இது சூடாகல. அப்ப இது வேலை செய்யல."

சொல்லிக்கொண்டே குனிந்தாள், பெட்டியின் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் உயர்த்திக் காட்டினாள். விளக்குகள் அணைந்தன. பச்சைத் தண்ணீர் நின்றது. மேலே திரையில் கார்கள் மட்டும் சிறிதும் கவலையின்றிப் பறந்துகொண்டிருந்தன.

கடை முழுவதும் அமைதி. மாஸ்டர் விற்றதிலேயே கலப்படமற்ற அமைதி அது ஒன்றுதான்.

பகுத்தறிவு அந்தக் கணமே வென்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. பல் மருத்துவர் நடுங்கும் குரலில், "கரண்டே வேணாமாம்யா. எனக்கு ரெண்டு," என்றார். வரிசை முன்னோக்கி நெருக்கியது. இருவர் மண்டியிட்டார்கள்.

நிமியா தலையில் அடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு தடித்த கம்பி பெட்டிக்குள் நுழையாமல், துணிக்கடியில் ஊர்ந்து, சுவரோரமாக ஒரு கதவின் கீழே போயிற்று. கதவில் 'தியான அறை, உள்ளே வரக்கூடாது' என்ற பலகை. அவள் கையில் உலக்கை இருந்ததால் மாஸ்டர் தடுக்கவில்லை.

கதவு திறந்தது. கழிப்பறை. மூடிய பீங்கான்மேல், ஒன்பது விசிறிகள் ஊளையிட, ஒரு கறுத்த கணினி சன்னல் வழியாக வெந்நீர்க் கொப்பரைபோல் அனல் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு துளித் தண்ணீர்கூட அதில் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கணினி என்பதே இல்லை. மீன் வாங்க மறந்த மீன்தொட்டி அது.

"என் புதினாவைக் காயவெச்ச சாமி இவருதான். அண்ணே, கும்பிட்டுட்டு யாழை எடு," என்றாள் நிமியா.

காந்தலீசியோ யாழை எடுத்துக்கொண்டான். மாஸ்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார்; பல் மருத்துவர் அவர் வாயை உற்றுப் பார்த்த பார்வை தொழில்முறையானதாக இல்லை. மாஸ்டர் பின்சந்து வழியாக வெளியேறினார். மெழுகுவத்தி அணைந்தது.

காந்தலீசியோ அந்தக் கடையிலிருந்து கொண்டுபோனது ஒன்றே: அந்த நீளக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை பழைய கணினியைக் கழிப்பறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, கம்பியின் மறுமுனையில் திரையை வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்து வாசித்தான். திங்கட்கிழமை அதிகாலை வானொலியில் யாழ் ஒலித்தது, வண்டு இல்லை. இரைச்சலை வேறு அறையில் வைத்தால் போதும் என்ற, ஊருக்கெல்லாம் உதவக்கூடிய உண்மையைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, முன்னால் உட்கார்ந்து புதினாத் தண்ணீர் விற்றிருக்கிறார் அந்த மனிதர். தண்ணீரால் குளிரும் கணினியையும் காந்தலீசியோ பின்னர் கட்டிக்கொண்டான். கண்ணைத் திறந்துகொண்டே தேர்ந்தெடுத்தான்: அகலமான ரேடியேட்டர், மெதுவாகச் சுழலும் மூன்று பெரிய விசிறிகள், பம்புக்கு அடியில் அதிர்வைத் தாங்க ஒரு துண்டு ஸ்பான்ஜ், கடையில் கணினிக்கென்றே விற்கும் சாதாரணக் குளிர்விப்பு நீர். எதுவும் அவனை நேசிக்கவில்லை. எல்லாம் வேலை செய்கின்றன.

வேலை செய்யும் எதுவும் சூடாகும் என்றாள் நிமியா. மூளைக்கும் அது பொருந்தும். அந்த டிசம்பர் வெயிலில், வரிசையில் நின்ற அத்தனை தலைகளையும் தொட்டுப் பார்த்திருந்தால் ஐஸ்போலக் குளிர்ந்திருக்கும். அடுத்த வரிசையில் நிற்பதற்கு முன் உங்கள் தலையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.